எந்த வரேன்

எங்கள் அச்சகத்துக்குக் காதல் கதைகள் நிறைய வரும். சட்டப் புத்தகமோ கணக்குப் பாடமோ வந்தால் பைண்டிங் பகுதியில் பெண்கள் கொட்டாவி விட்டுக்கொண்டே மடிப்பார்கள். காதல் கதை வந்தால் கை தானாக ஓடும். ஆளுக்கு ஒரு ஃபாரம் பிரித்துக் கொடுப்பார்கள். ஃபாரம் என்பது பதினாறு பக்கங்கள் ஒன்றாக அச்சான பெரிய தாள். சரியாக மடித்தால் பக்கங்கள் வரிசைக்கு வந்துவிடும். முதல் ஃபாரம் கிடைத்தவளுக்கு நாள் முழுக்க அவனும் அவளும் முதல்முறை பார்த்துக்கொள்ளும் இடம்தான். நடுவில் உள்ளது கிடைத்தவளுக்கு வீட்டில் சண்டை. கடைசி ஃபாரம் கிடைத்தவள் மற்றவர்களுக்கு முடிவைச் சொல்லியாக வேண்டும்.

“என்னடி, சேந்தாங்களா?”

“இல்லக்கா. செத்துப்போயிட்டா.”

“அவனா, அவளா?”

“அவதான்.”

“எப்பவும் அவதான் சாவா. அவன் செத்துட்டா அடுத்த கதைய யாரு எழுதுறது?”

இப்படிக் கேட்பவர் பசை அக்கா. அட்டைக்குப் பசை பூசுவது அவர் வேலை. எல்லாரும் சிரிப்பார்கள். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து மடித்த ஃபாரங்களைச் சேர்த்துத் தைக்கும் என் அண்ணியும் சிரிப்பாள். ஆனால் வாயைத் திறக்க மாட்டாள். நூல் மாற்றும்போது ஊசியை உதட்டில் கவ்விக்கொள்வது அவள் பழக்கம். சிரித்தால் ஊசி விழுந்துவிடும் என்பதால் கண்ணால்தான் சிரிப்பாள்.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் எட்டாம் வகுப்போடு நின்று வீட்டில் சும்மா இருந்தேன். அண்ணன் லாரிப் பட்டறையில் வேலை பார்த்தான். அவள்தான் என்னை அச்சகத்துக்குக் கூட்டிப்போய் மடிக்கக் கற்றுக்கொடுத்தாள். நான் எதுவும் பேசாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பசை அக்கா எனக்குப் ‘பூனை’ என்று பேர் வைத்தார். அண்ணியும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தாள். நாத்தனாரும் அண்ணியும் ஒரே டப்பாவில் சாப்பிடுவதைப் பார்த்து மெஷின்காரர்கூட, “நீங்க ரெண்டு பேரும் சண்டை போடவே மாட்டீங்களா, எங்களுக்குப் பொழுது போக வேணாமா?” என்று கேட்பார்.

அந்தக் காலத்தில் அச்சகத்தில் ஒருவர் பிழை திருத்தினார். புரூஃப் சார் என்போம். மெலிந்த ஆள், கண்ணாடி போட்டவர். அலுவலக அறையில் வெளிச்சம் போதவில்லை என்று தன் மேசையை எங்கள் பக்கத்து ஜன்னலுக்கு நகர்த்திக்கொண்டார். அண்ணிக்கு இந்தப் பக்கம் ஜன்னல், அவருக்கு அந்தப் பக்கம் ஜன்னல். அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். எப்போதாவது தலையைத் தூக்கி, “இந்த வார்த்தைய வீட்டுல எப்படிச் சொல்லுவீங்க?” என்று கேட்பார். அண்ணி சொல்வாள். அவர் எழுதிக்கொள்வார். டீ வந்தால் அவர் பங்கை அண்ணி அவர் மேசை ஓரத்தில் வைத்து, மேலே ஒரு தாளைப் போட்டு மூடுவாள். எங்கள் எல்லாருக்கும் யார் டீ ஆறினாலும் அவள் அப்படித்தான் மூடுவாள். நான் பார்த்தது இவ்வளவுதான். நான் பார்க்காத வேறு எதுவும் அங்கே நடக்க வழியில்லை. ஒரே கூடம், பதினைந்து பெண்கள், பசை அக்கா.

வேறு ஊரில் வேலை கிடைத்து அவர் கிளம்பினார். கடைசி நாள் சாயங்காலம் பையோடு வாசலில் நின்று எல்லாரிடமும் விடைபெற்றார். அண்ணியும் நானும் சேர்ந்துதான் வெளியே வந்தோம். “வரேன் சார்” என்று அண்ணி சொன்னாள். நான் தலையை ஆட்டினேன். இரண்டு பேரும் தெருவில் இறங்கி நடந்தோம். முனைக் கடையில் சோப்பு வாங்கினோம். எந்த சோப்பு என்பதில் கொஞ்சம் தகராறு செய்துகொண்டோம். வீட்டுக்கு வந்தோம். அடுத்த வருஷம் அண்ணிக்குப் பெண் பிறந்தது. குட்டி என்று கூப்பிட்டோம்.

குட்டி தத்தித் தத்தி நடக்கும் வயதில் ஒரு நாவல் எங்கள் அச்சகத்துக்கே வந்தது. எழுதியவர் புரூஃப் சார். எனக்குக் கடைசி ஃபாரம் கிடைத்தது. கதையில் ஒரு பைண்டிங்காரி. உதட்டில் ஊசியைக் கவ்விக்கொள்கிறவள், கண்ணால் சிரிக்கிறவள், ஆறும் டீயைத் தாளால் மூடுகிறவள். அவளுக்குக் கணவன் உண்டு. பக்கத்து மேசைக்காரன் அவளை நேசிக்கிறான். கடைசிவரை சொல்வதில்லை. அவளும் சொல்வதில்லை. அவன் ஊரைவிட்டுப் போகும் நாளில் வாசலில் நிற்கிறான். அவள், “வரேன்” என்கிறாள். பிறகு தெருவில் இறங்கித் திரும்பிப் பார்க்காமல் நடந்துபோகிறாள். அவள் போவதை அவன் ஒன்றரைப் பக்கத்துக்குப் பார்க்கிறான். அத்தோடு கதை முடிகிறது.

மடிக்க மடிக்க அந்த ஒன்றரைப் பக்கம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. அதில் இரண்டு விஷயம் இல்லை. அண்ணி சொன்ன ‘சார்’ இல்லை. கூடவே நடந்த நானும் இல்லை.

“சேந்தாங்களாடி?” என்று பசை அக்கா கேட்டார்.

“இல்லக்கா.”

“செத்தாளா?”

“அதுவும் இல்ல. வீட்டுக்குப் போயிட்டா.”

“இது என்ன கதை. அதைத்தான் நாம தினமும் செய்யுறோம்” என்றார் அவர். ஆனால் முந்தைய ஃபாரம், அதற்கு முந்தைய ஃபாரம் என்று மற்றவர்கள் படித்ததெல்லாம் சேர்ந்தபோது கதையில் வருவது யார் என்று தெரிந்துபோனது. எல்லாரும் ஜன்னல் பக்கம் பார்த்தார்கள். அண்ணி தைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அன்று வழியில் என்னிடம், “அதுல நான் என்ன கலர் துணி கட்டியிருக்கேன்?” என்று மட்டும் கேட்டாள்.

“பச்சை.”

“எங்கிட்ட பச்சையே கிடையாதே” என்றாள்.

விஷயம் எப்படியோ பட்டறைவரை போனது. அண்ணன் படிக்கிற ஆள் இல்லை. ஆனால் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். என்னை உட்காரவைத்துக் கடைசிப் பக்கத்தைப் படிக்கச் சொன்னான். நான் படித்தேன். அண்ணி அடுப்படி வாசலில் நின்றாள்.

“வரேன்னு சொல்லிட்டு?” என்றான் அண்ணன்.

“நடந்து போறா.”

“எங்க?”

“வீட்டுக்கு.”

அண்ணன் சிரித்தான். “வரேன்னு சொன்னா போறேன்னு அர்த்தம். சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். பொழப்பில்லாத ஆளு இதைப் போயி ஒரு புத்தகமா எழுதியிருக்கான் பாரு.” பிறகு அண்ணியிடம், “நீ போற அழகைத்தான் ரொம்ப எழுதியிருக்கான். நான் பாத்ததே இல்லையே, கொஞ்சம் நடந்து காட்டு” என்றான். அண்ணி கையில் இருந்த துணியை அவன்மேல் எறிந்தாள். குட்டி அதைப் பார்த்துக் கைதட்டியது. அத்தோடு முடிந்தது.

பல வருஷம் அப்படியே கிடந்தது அந்தப் புத்தகம். குட்டி பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புக்குப் போய்விட்டாள். அப்போது ஒரு டைரக்டர் அதைப் படமாக எடுக்க வந்தார். கதை நடந்த இடத்திலேயே எடுக்க வேண்டும் என்று எங்கள் அச்சகத்தை வாடகைக்குக் கேட்டார். முதலாளிக்கு வாயெல்லாம் பல். மெஷின்களை நிறுத்தினார்கள். எங்களையும் சம்பளத்தோடு உட்காரவைத்தார்கள், பின்னால் மடித்துக்கொண்டிருக்க. நடிகை வந்தாள். சின்னப் பெண், தொழில்மேல் அக்கறை உள்ளவள். தைப்பது எப்படி என்று அண்ணியிடம் கற்றுக்கொண்டாள்.

“ஊசிய வாயில வச்சா குத்தாதாக்கா?”

“பேசினாத்தான் குத்தும்” என்றாள் அண்ணி.

நடிகைக்கு அது பிடித்துவிட்டது. நூல் கோக்கிற விதம், நாற்காலியில் ஒரு காலை மடித்து உட்காருவது, தலையைச் சாய்ப்பது எல்லாவற்றையும் அண்ணியைப் பார்த்துப் பார்த்து எடுத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் பின்னாலிருந்து பார்த்தபோது எனக்கே ஒரு நொடி குழம்பியது.

புரூஃப் சாரும் வந்திருந்தார். தலை நரைத்திருந்தது. “நல்லா இருக்கீங்களா?” என்றார். “இருக்கேன் சார்” என்றாள் அண்ணி. அவர் ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். டைரக்டர் அவரிடம் கடைசிக் காட்சியைப் பற்றிப் பேசியதைப் பின்னால் மடித்துக்கொண்டிருந்த நான் கேட்டேன்.

“சார், புத்தகத்துல அவ போறா, அவன் என்ன நெனைக்கிறான்னு ஒன்றரைப் பக்கம் எழுதிட்டீங்க. படிக்கிறவனுக்குப் போதும். நெனப்பை நான் எப்படிப் படம் பிடிக்கிறது? கேமராவுக்குத் தெரியுறது காலு. அது எந்தப் பக்கம் போகுதுன்னு காட்டணும். வீட்டுப் பக்கம் போனா காதல் இல்லன்னுதான் ஜனங்க நெனைப்பாங்க. எழுந்து போயிடுவாங்க.”

“அதுக்கு?”

“வார்த்தைய நான் தொட மாட்டேன். அவ வரேன்னுதான் சொல்றா. வரேன்னா போறேன்னும் அர்த்தம். வரேன்னா உங்கூட வரேன்னும் அர்த்தம். உண்டா இல்லையா?”

புரூஃப் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

“உண்டு” என்றார்.

படம் வெளியானதும் பட்டறை ஆட்கள் எல்லாரையும் அண்ணன்தான் கூட்டிப்போனான். டிக்கெட்டும் அவன்தான் எடுத்தான். “எங்க வீட்டுல வேலை செய்யுற எடம்டா, நல்லாப் பாரு, இவங்ககூடப் பின்னால தெரிவாங்க” என்று எல்லாருக்கும் சொன்னான். அண்ணி, நான், குட்டி மூன்று பேரும் அவர்களுக்கு முன் வரிசையில் உட்கார்ந்தோம். திரையில் முதலில் கூடம் வந்தது. பிறகு ஜன்னல். பிறகு உதட்டில் ஊசியோடு ஒரு பெண் தலையைச் சாய்த்தாள். எனக்குப் பின்னால் யாரோ, “அட, அண்ணி” என்றார்கள். அண்ணன் சிரித்தது கேட்டது.

கடைசியில் வாசல் வந்தது. அவன் பையோடு நிற்கிறான். அவள், “வரேன்” என்கிறாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு பஸ்ஸில் ஏறுகிறான். பஸ் கிளம்புகிறது. ஓடிவரும் காலடி கேட்கிறது. அவள் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்து, வாயிலிருந்த ஊசியை எடுத்து அவன் சட்டையில் குத்திவைக்கிறாள். அதற்கப்புறம் வேறு ஏதோ ஊரில் ஒரு வீடு. அவன் தோளில் ஒரு குழந்தை. ஜனங்கள் கை தட்டினார்கள். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா மூக்கைச் சிந்தினார். குட்டியும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அண்ணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், தப்பான வீட்டுக்குள் நுழைந்துவிட்ட ஆள் மாதிரி.

வெளியே வரும்போது பட்டறையில் பெயின்ட் அடிக்கிற ஆள் அண்ணன் தோளில் கைபோட்டு, “பரவாயில்லையே. பஸ் ஏறிப் போன அண்ணி நம்ம வீட்டுலதானே இருக்காங்க. எப்பத் திரும்பி வந்தாங்க?” என்றான். கேலியாகத்தான் சொன்னான். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான், ஆனால் மற்றவர்கள் நிறுத்தின பிறகும் கொஞ்சம் சிரித்தான்.

மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பினவன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான்.

“அன்னைக்கு நீ சொன்னது எந்த வரேன்?”

அண்ணிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிக்கப் பார்த்தாள். “ஏங்க, சினிமாவப் பாத்துட்டுக் கேக்குறீங்களா?”

“சினிமா இல்ல. வார்த்தை அதேதானே. புத்தகத்துலயும் அதே வார்த்தைதான்.”

“அண்ணே, நான் கூடவே இருந்தேன்” என்றேன். “நாங்க ரெண்டு பேரும்தான் நடந்து வந்தோம். சோப்பு வாங்கினோம். அண்ணி வரேன் சார்னு சொன்னாங்க.”

“புத்தகத்துல நீ இல்லையே” என்றான். “சாரும் இல்லையே.”

அன்று சாயங்காலம் அந்தப் பழைய புத்தகத்தைத் தேடி எடுத்து மறுபடி என்னைப் படிக்கவைத்தான். அதே ஒன்றரைப் பக்கம். ஒரு எழுத்து மாறவில்லை. முன்பு அவன் சிரித்த இடத்தில் இப்போது என்னை நிறுத்தினான். “திரும்பிப் பாக்காம நடக்குறா. ஏன் திரும்பிப் பாக்கல?” என்றான். “வீட்டுக்குப் போறவ எதுக்குத் திரும்பணும்” என்றேன். “மனசுல ஒண்ணும் இல்லாதவ திரும்பிப் பாப்பா. கையக்கூட ஆட்டுவா” என்றான். படம் வருவதற்கு முன்னால் அந்தப் பக்கத்தில் ஒருத்தி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். இப்போது எத்தனை முறை படித்தாலும் அவள் பஸ்ஸுக்குத்தான் போனாள். புத்தகம் தப்பிக்க வைத்தவளைப் படம் பிடித்துக்கொண்டு வந்துவிட்டது.

அதோடு நின்றிருந்தால் அண்ணி தாங்கியிருப்பாள். படத்தின் கடைசியில் ஒரு குழந்தை இருந்தது. எங்கள் வீட்டிலும், புரூஃப் சார் ஊரைவிட்டுப் போன அடுத்த வருஷம் பிறந்த பெண் இருந்தாள். அண்ணன் அதை வாயால் சொல்லவில்லை. சாப்பிடும்போது குட்டியின் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தான். அவள் பாடம் படிக்கும்போது எதிரில் உட்கார்ந்து பார்ப்பான். அவள் நிமிர்ந்தால் பார்வையை மாற்றுவான். “என்னப்பா?” என்றால் “ஒண்ணுமில்ல.” அதுவரை “நம்ம குட்டி” என்றுதான் சொல்வான். ஒரு நாள் செருப்பு வாங்குவதைப் பற்றிப் பேச்சு வந்தபோது அண்ணியிடம், “உம்பொண்ணுக்கு என்ன வேணும்னு நீயே பாத்துக்க” என்றான். அண்ணி கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

மறுநாள் வேலை முடிந்ததும் என் கையைப் பிடித்தாள். “வா பூனை. அவரையே கேட்டுடலாம். அவரு வந்து சொல்லட்டும்.”

“யாரு?”

“எழுதினவருதான் சொல்லணும், அப்படி இல்லன்னு.”

புரூஃப் சார் அப்போது எங்கள் ஊருக்கே திரும்பி வந்து, ஒரு கடைக்கு மேலே அறை எடுத்துத் தனியாக இருந்தார். மாடிப்படி குறுகலாக இருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நாற்காலியில் கிடந்த துணிகளை அவசரமாக எடுத்தார். அண்ணி உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். என் பெண்ணை என் வீட்டுக்காரர் பார்க்கிற பார்வை தாங்கவில்லை, நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றாள்.

அவர் கையில் இருந்த துணிகளைக் கட்டில்மேல் வைத்தார். பிறகு, “வந்து சொல்றேன். ஆனா உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா?” என்றார்.

“கேளுங்க சார்.”

“அன்னைக்கு நீங்க சொன்னது… எந்த வரேன்?”

அண்ணி அவரைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். “வீட்டுக்குப் போற பொம்பள வேற என்ன சார் சொல்லுவா. வீட்டுல வேலை கிடந்துச்சு. சோப்பு வேற வாங்கணும்.”

“சரி” என்றார். “சரிதான்.”

படியில் இறங்கும்போது அண்ணி, “புத்தகத்தோட விட்டிருக்கலாம். அதுல நான் நல்லாத்தான் இருந்தேன்” என்றாள். யாருக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை.

விடுமுறை நாள் முற்பகலில் அவர் வீட்டுக்கு வந்தார். அண்ணன் அவரை உட்காரச் சொன்னான். தான் உட்காரவில்லை. குட்டியை நான் உள்ளே கூட்டிப்போனேன். ஆனால் எங்கள் வீட்டில் உள்ளே வெளியே என்பதெல்லாம் நடுவில் நிற்கும் ஒரு பலகைத் தடுப்புதான்; பேசுவதெல்லாம் கேட்கும்.

“உங்க மனைவி மேல ஒரு தப்பும் இல்ல” என்றார் புரூஃப் சார். “அவங்க என்கிட்ட ஒரு வார்த்தை தவறிப் பேசினதில்ல. புத்தகத்துல இருக்கிறது எல்லாம் என் மனசு. அவங்களுக்கு அதுல பங்கில்ல.”

“அப்ப அந்தப் பஸ்?”

“அது டைரக்டர் வச்சது.” கொஞ்சம் நிறுத்தினார். நல்ல மனிதர். சாட்சி சொல்ல வந்த இடத்தில் உண்மையைக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லிவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். “நான்தான் அவருகிட்ட ஒரு தடவை சொன்னேன். அன்னைக்கு நான் பஸ் ஸ்டாண்டுல ரொம்ப நேரம் நின்னேன். ரெண்டு பஸ்ஸை விட்டேன். அவங்க வரல. சத்தியமா வரல. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

“எதுக்கு நின்னீங்க?”

“ஒருவேளை…”

“ஒருவேளை வருவாளோன்னு நெனைக்கிற அளவுக்கு என்ன நடந்துச்சு?”

“ஒண்ணும் நடக்கல.”

“ஒண்ணும் நடக்காமத்தான் ஒருத்தன் ரெண்டு பஸ்ஸை விட்டுட்டு நிப்பானா?” என்றான் அண்ணன். கத்தவில்லை. பட்டறையில் எந்த பாகம் போயிருக்கிறது என்று வண்டிக்காரனிடம் கேட்பது போலத்தான் கேட்டான். “நானா இருந்தா நிக்க மாட்டேன் சார். கூப்பிடாத வீட்டு வாசல்ல யாரும் நிக்க மாட்டாங்க.”

பக்கம் பக்கமாக எழுதியவர் கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டார், எழுந்து போனார். போகும்போது எங்கள் பக்கம் பார்க்கவில்லை.

அந்த வாரமே அண்ணன் தன் துணிகளை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் பின்னால் இருந்த அறைக்குப் போய்விட்டான். அடிக்கவில்லை, திட்டவில்லை. கேட்டவர்களிடம், “வேலை அதிகம்” என்றான். நான் அவனோடு போவேன் என்று சொந்தக்காரர்கள் நினைத்தார்கள். நான் அண்ணியோடு இருந்துகொண்டேன். “நாத்தனார் அண்ணி பக்கம் நின்னா விஷயம் இருக்குன்னுதானே அர்த்தம்” என்று அதற்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடித்தார்கள்.

குட்டி ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து நேராகப் பட்டறைக்குப் போயிருக்கிறாள். வீட்டுக்கு வந்து என்னிடம்தான் சொன்னாள். கடைக்குப் போன அண்ணி இன்னும் வந்திருக்கவில்லை.

“அப்பா வண்டிக்கு அடியில படுத்திருந்தாரு அத்தை. கூப்பிட்டேன். வெளிய வந்தாரு. வீட்டுக்கு வாங்கப்பான்னேன். கொஞ்சம் வெளிச்சத்துல வந்து நில்லுன்னாரு.”

“நின்னியா?”

“நின்னேன். இந்தப் பக்கம் திரும்புன்னாரு, திரும்பினேன். அந்தப் பக்கம்னாரு, திரும்பினேன். பெயின்ட் மாமா எல்லாம் பாத்துட்டு நின்னாங்க. அப்புறம் ஒண்ணும் சொல்லாம மறுபடி வண்டிக்கு அடியில போயிட்டாரு.”

அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அகலமான நெற்றி, நடுவில் லேசாக மேடு. அது அண்ணன் நெற்றி. எங்கள் அப்பா நெற்றி. கண்ணாடியில் தினமும் நான் பார்க்கிற என் நெற்றி.

நான் செருப்பைப் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அத்தனை ஆண்கள் இருக்கும் இடத்துக்கு அதற்குமுன் தனியாகப் போனதில்லை. அண்ணன் கையில் கிரீஸோடு எழுந்து வந்தான்.

“என் மூஞ்சியப் பாரு அண்ணே” என்றேன்.

“எதுக்கு?”

“பாரு. என் நெத்தியப் பாரு. அப்புறம் அவ நெத்திய நெனைச்சுப் பாரு. நான் உன் தங்கச்சிதானே. அதுலயாவது சந்தேகம் இல்லல்ல?”

அவன் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். ஒரு நொடி அவன் கண் கலங்கியது போல இருந்தது. நம்பிவிட்டான் என்றே நினைத்தேன். பிறகு அழுக்குத் துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தான்.

“ஒரே வீட்டுல உங்கூடவே வளர்ற புள்ள” என்றான். “கூட இருந்து இருந்து சாயல் ஒட்டிக்கும். உங்க அண்ணி ஜாடை அந்த நடிகைக்கு மூணு நாள்ல ஒட்டிக்கல?”

நான் திரும்பி நடந்து வந்துவிட்டேன்.

வீட்டில் அண்ணி வந்திருந்தாள். என்ன சொன்னார் என்று கேட்டாள். சொன்னேன். குட்டியும் கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணி தரையைப் பெருக்க ஆரம்பித்தாள். பெருக்கின இடத்தையே மறுபடி பெருக்கினாள்.

அடுத்த நாள் நாங்கள் வேலையிலிருந்து திரும்பியபோது குட்டி கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள். தாள் வெட்டும் கத்தரிக்கோல் கையில் இருந்தது. முன்பக்க முடியைப் புருவம்வரை வெட்டி இறக்கியிருந்தாள். தரையில் முடி கிடந்தது. ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் இருந்தது.

“என்னடி இது?” என்றேன்.

“இனிமே யாரும் என் நெத்தியப் பாக்க வேணாம் அத்தை. நீங்களும் யாருக்கும் காட்ட வேணாம்.”

அண்ணி பையை ஆணியில் மாட்டினாள். குட்டியிடமிருந்து கத்தரிக்கோலை வாங்கினாள். பிடுங்கித் தூர எறிவாள், திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் குட்டியை நாற்காலியில் உட்காரவைத்து, முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, “கோணலா இருக்கு, ஆடாம இரு” என்றாள். தாளின் ஓரத்தைச் சீர் செய்வதுபோல, இந்தக் காதிலிருந்து அந்தக் காதுவரை ஒரே நேராக வெட்டினாள். நெற்றி முழுவதும் மறைந்துவிட்டது.